எக்ஸ், ஒய், என் மாமியார்

தேர்வு மையத்தின் கதவு திறந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அத்தையை மட்டும் காணவில்லை.

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடம். வாசலுக்கு எதிரே சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி நின்றிருந்தன. சுவர் நிழல் ஒரு முழ அகலம்தான். அந்த நிழலில் முதுகை ஒட்டிக்கொண்டு, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மீசை வைத்த தனித்தேர்வர்கள், இடுப்பில் குழந்தையை வாங்கிக்கொண்ட தனித்தேர்வர்கள், வந்ததும் பீடி பற்றவைத்த ஒரு தனித்தேர்வர். கடைசியில், யாருமே இல்லாத வராந்தாவில், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வருகிற மாதிரி அத்தை நடந்து வந்தார்.

"இன்னா ஜெனி, மொகம் இப்டி காய்ஞ்சி கெடக்குது? மோர் வாங்கி குடிக்கிறதுதான?"

"எப்படி எழுதினீங்க அத்தை?"

"சோக்கா எழுதினேன். அந்த மூணு பேர் வயசு கணக்கு வந்துச்சி பாரு. முழுசா போட்டேன்."

"கிராஃப்?"

"அதுக்கு எங்க நேரம்?"

"தொடுகோடு? வட்டம் வரைஞ்சு..."

"வட்டம் வரைஞ்சேன். அப்பால பெல் அட்ச்சிட்டான்."

கிராஃபும் வடிவியலும் சேர்ந்தால் பாஸ் மார்க்கில் கிட்டத்தட்ட பாதி. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற அளவுக்கு இரண்டையும் அவர் பழகியிருந்தார். அவற்றை விட்டுவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்ட ஒரே ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறார். வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த நடைபாதைக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அதான் எங்க வூட்டுக்கு வந்துட்டியே, என்னப் பத்தி எப்போ?" என்று அத்தை கேட்டார். கேட்டீர்கள் அல்லவா, இதோ எழுதுகிறேன்.

ஆயாம்மா

என் மாமியார் பெயர் பிலோமினா. நான் மாத்தூர்ப் பெண். ராயபுரத்து மருமகளாக வந்தபோதே தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக இருந்தேன். என் கணவர் ஸ்டீபன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எத்தனை டன்னையும் அசங்காமல் தூக்கி வைப்பவர், வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே சத்தம் கேட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

அத்தை அங்கன்வாடியில் உதவியாளர். சமைப்பது, ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு சொல்லிக்கொடுப்பவர்தான் டீச்சர். உதவியாளர் டீச்சராக வேண்டுமென்றால் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். அத்தை ஒன்பதாவது வரை படித்தவர். அதோடு படிப்பு நின்றுவிட்டது என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் படிப்பு நின்றுபோன பெண்களை யாரும் காரணம் கேட்பதில்லை.

அந்த அங்கன்வாடிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். ஸ்டீபனைவிடச் சின்னவள், நல்ல பெண். வந்த அன்றே அவள் அத்தையை "ஆயாம்மா" என்று கூப்பிட்டாள். எல்லோரும் கூப்பிடுவதுதான். ஆனால் அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்த அத்தை கூடையைக் கீழே வைக்கும் முன்பே சொன்னார்: "நான் பத்தாவது எழுதப் போறேன்."

ஸ்டீபன் சிரித்துவிட்டார். அன்று அவருக்கு மீன் குழம்பில் மீன் வரவில்லை.

தமிழ், சமூக அறிவியல் எல்லாம் முதல் தடவையிலேயே பாஸ். இங்கிலீஷ் இழுத்துப்பிடித்து பாஸ். கணக்கு மட்டும் பன்னிரண்டு மார்க். அப்போதுதான் வீட்டிலேயே ஒரு கணக்கு டீச்சர் சோறு தின்றுகொண்டிருப்பது அத்தைக்கு ஞாபகம் வந்தது.

மடியில் உட்காரவேண்டிய இரண்டு பேர்

பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவில் மூன்று மாறிகள் வைத்த சமன்பாடுகள் வரும். எக்ஸ், ஒய், இசட். மூன்று வருவதற்கு முன்னால் இரண்டு வரவேண்டும். அது ஒன்பதாம் வகுப்புப் பாடம். எனவே ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. தெரியாதவை இரண்டு. அவற்றைப் பற்றிச் சொல்லப்பட்ட செய்தி இரண்டு. இரண்டு செய்திகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கூட்டியோ கழித்தோ ஒரு தெரியாததை நீக்கிவிட்டால் மற்றது தனியாக மாட்டிக்கொள்ளும். அதைக் கொண்டுபோய் மறுபடி மேல் வரியில் போட்டால் நீக்கியதும் கிடைத்துவிடும். பதினான்கு வயதுப் பிள்ளைகளே முனகிக்கொண்டாவது போட்டுவிடுவார்கள்.

அத்தைக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்கலாம் என்று நானே ஒரு கணக்கு செய்தேன். "ஒரு வகுப்பில் பெஞ்சுக்கு மூன்று பேராக உட்கார்ந்தால் இரண்டு பேருக்கு இடமில்லை. நான்கு பேராக உட்கார்ந்தால் ஒரு பெஞ்ச் காலி. பிள்ளைகள் எத்தனை? பெஞ்சுகள் எத்தனை?"

அத்தை யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இடமில்லன்னா இன்னா? ரெண்டு பேரத்தான, மடில குந்த வெச்சிக்கலாம்."

"அத்தை, மடி இல்ல."

"டீச்சர் இல்லாம கிளாஸ் ஏது? டீச்சர் இருந்தா மடி இருக்கும்."

"பிள்ளைகள் எத்தனைன்னு கேக்குறாங்க."

"எண்ணிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. இதுக்கு இன்னாத்துக்கு எக்ஸு?"

இதுதான் எங்கள் முதல் நாள். ஸ்டீபன் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது.

எந்த ஊரில் இரண்டு குழாய்?

நான் படித்த காலத்தில் வார்த்தைக் கணக்குகளில் வருகிற மனிதர்களை நான் மனிதர்களாகவே நினைத்ததில்லை. தன் வயதைச் சொல்லச் சொன்னால் மகன் வயதின் மடங்காகச் சொல்லும் அப்பா, எண்ணை நேராகச் சொல்லாமல் இலக்கங்களைத் திருப்பிப்போட்டுக் கூட்டுகிற ஆள். அவர்கள் எக்ஸையும் ஒய்யையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், அவ்வளவுதான். அத்தைக்கு அப்படி இல்லை. ஒவ்வொருத்தரையும் நிறுத்தி விசாரிப்பார்.

"இரண்டு குழாய்கள் சேர்ந்து ஒரு தொட்டியை நிரப்புகின்றன" என்று படித்தேன்.

"ரெண்டு கொயால தண்ணி வருதா? எந்த ஊர்ல?"

ராயபுரத்தில் ஒரு குழாயில் வருவதற்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

"அசைவற்ற நீரில் ஒரு படகின் வேகம்" என்று அடுத்ததைப் படித்தேன். அத்தை மீன்பிடிக் குடும்பத்தோடு சம்பந்தம் உள்ளவர், இது பிடிக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். அசைவற்ற நீர் எங்கே இருக்கிறது, அதில் படகை எதற்கு விட்டார்கள், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் அவருடைய பெரியப்பா ஒருமுறை அலையில் மாட்டிக்கொண்ட கதைக்குப் போய்விட்டார். கதை நன்றாகத்தான் இருந்தது. படகின் வேகம் மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

கதை கேட்பது குற்றமில்லை. ஆனால் கேட்டு முடித்ததும் எக்ஸ் என்று ஒன்று வைக்க வேண்டும். அதில்தான் அவர் நழுவினார். "தெரியாத ஒண்ணுக்கு எப்டி பேர் வெக்கிறது? பொறந்தப்பறம்தான புள்ளைக்கே பேரு" என்பார். பெயர் வைத்தால்தான் அதைத் தேட முடியும் என்று ஒரு வாரம் சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டு பள்ளியில் விசில் ஊதி வகுப்பை நடத்தினேன்.

உடைந்த பெஞ்சு

எப்படியோ ஒருநாள் பெயர் வைத்தார். பிள்ளைகள் எக்ஸ், பெஞ்சுகள் ஒய். நான் கையைப் பிடிக்காமலே இரண்டு வரியையும் எழுதினார்.

எக்ஸ் − 3ஒய் = 2
எக்ஸ் − 4ஒய் = −4

எழுந்து அவர் கன்னத்தைக் கிள்ளலாம் போல இருந்தது. "இப்போ கீழ் வரியை மேல் வரியிலிருந்து கழிங்க."

கழித்தார். எக்ஸ் போயிற்று. அடுத்தது பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினார்: மைனஸ் ஏழு ஒய் சமம் மைனஸ் இரண்டு.

"அப்ப ஒய் எவ்வளவு?"

"ஏழுல ரெண்டு."

"ஏழுல ரெண்டு பெஞ்சா?"

"ஒட்ஞ்ச பெஞ்சா இருக்கும். நம்ம சென்டர்ல இல்லியா?"

கழிக்கும்போது கீழ் வரியில் இருக்கிற எல்லாவற்றுக்கும் குறி மாறும். மைனஸ் நான்கு ஒய், பிளஸ் நான்கு ஒய் ஆகும். மைனஸ் நான்கு, பிளஸ் நான்கு ஆகும். ஒய் ஆறு, பிள்ளைகள் இருபது. கணக்கு டீச்சர்கள் தலைமுறை தலைமுறையாக மாரடித்துக்கொள்ளும் இடம் இது. அத்தை எக்ஸுக்கு மட்டும் மாற்றுவார், மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்.

"ஏன் அத்தை மத்ததுக்கு மாத்தலை?"

"எக்ஸு போவணும்னு சொன்ன. போயிடுச்சி. மத்தத இன்னாத்துக்கு தொந்தரவு பண்ணணும்?"

எல்லாக் குறியும் மாறும் என்பதை நான் வாழைக்காய் நறுக்கும்போது சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், கோயிலில் பூசை முடிந்து செருப்பைத் தேடும்போது சொன்னேன். தலையாட்டுவார். சாயந்திரம் மேஜையில் உட்கார்ந்ததும் மறுபடியும் உடைந்த பெஞ்சு.

ஒருநாள் என்னையறியாமல் மேஜையைத் தட்டிவிட்டேன். டம்ளர் உருண்டு காப்பி அத்தையின் புடவையில் கொட்டியது.

அவர் கத்தவில்லை. புடவையை உதறிவிட்டு எழுந்தார். "ஒனக்கு பேஜாரா கீதுன்னா வுட்டுடு. நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். மறுநாளே வண்ணாரப்பேட்டையில் ஒரு டுடோரியலில் போய்ச் சேர்ந்தார்.

டுடோரியல்காரர் சொன்ன வழி

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. சாயந்திரம் மேஜை காலியாக இருந்தது. ஸ்டீபன் மாடியிலிருந்து இறங்கி வந்து எங்களோடு டிவி பார்த்தார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த கையோடு, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல், அத்தை மேஜையில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க இனிமே போவல. நீயே சொல்லிக்குடு."

"ஏன்?"

"அந்த ஆளு இன்னா சொல்றான் தெர்தா? ‘ஒனக்கு பாஸ் தான வேணும்? கிராஃப போடு, வட்டத்த வரை, ஒரு மார்க்க மனப்பாடம் பண்ணு. அல்ஜீப்ரா பக்கமே போவாத. ஒனக்கு வராது’ன்றான்."

ரொம்ப நியாயமான பேச்சு. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுப்பவர்களும் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வார்கள். அதையே நானும் சொன்னேன். "அவர் சொல்றது சரிதான் அத்தை. அந்தப் பாடமே வேண்டாம். விட்டுட்டு மத்ததைப் பார்த்தா சுலபமா பாஸ் பண்ணிடலாம்."

"அத்த வுட முடியாது."

"அஞ்சு மார்க் கணக்கு அத்தை! ஒரே ஒரு கணக்கு! அதுக்காக எதுக்கு உயிரை வாங்குறீங்க? பாஸ் ஆகணுமா, வேணாமா?"

"பாஸும் ஆவணும். அதுவும் தெரியணும்."

"ஏன்?"

அத்தை முக்காட்டை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

"நான் ஒம்பதாவதுல குந்திகினு இருந்தேன். கணக்கு டீச்சர் கரும்பலகைல ரெண்டு வரி எழுதுனாங்க. கூட்டுனாங்க. ஒய் போயிடுச்சி. எக்ஸு ஒண்டி நிக்குது. ‘இப்ப பாருங்க’ன்னு சொல்லி டீச்சர் சாக்பீச எடுக்கறாங்க, எங்க அண்ணன் வாசப்படில வந்து நிக்கறான். லுங்கியோட. ‘வூட்டுக்கு வா, அப்பாவுக்கு அட்பட்டுச்சி’ன்னான். ஓடுனேன்."

அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் தொழிலாளி. சரக்கைக் கட்டித் தூக்கிய கயிறு அறுந்து கால் நசுங்கிவிட்டது. அம்மா ஆஸ்பத்திரிக்கும், பிறகு இறால் உரிக்கும் ஷெட்டுக்கும் போனார். கீழே மூன்று குழந்தைகள். அத்தை வீட்டைப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவே இல்லை.

"அதுக்கப்பால இன்னா ஆச்சுன்னு தெரில ஜெனி. போன ஒய் அப்டியே போயிட்டுதா, திரும்ப வந்துச்சா, அந்த டீச்சர் இன்னா எழுதுனாங்க, ஒண்ணியும் தெரில. சோறு வடிக்கும்போது நெனப்பு வரும். ஸ்டீபன் பொறந்து ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தேன், அப்பக்கூட வந்துச்சி. யாரப் போயி கேக்கறது? கேட்டா சிரிப்பாங்க."

எனக்கு அந்த நிமிஷத்திலும் கோபம்தான் வந்தது. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே! குழாயும் படகும் பெஞ்சும் கொண்டுவந்து கழுத்தை அறுத்திருக்க மாட்டேனே!

"என்ன கணக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு எண்ணு. கூட்டுனா இவ்ளோ, கழிச்சா இவ்ளோ. எவ்ளோன்னு நெனப்பில்ல."

நானே இரண்டு எண்களை வைத்துக்கொண்டேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினேன். எக்ஸும் ஒய்யும் கூட்டினால் ஐம்பது. எக்ஸிலிருந்து ஒய்யைக் கழித்தால் பன்னிரண்டு. இரண்டு வரியையும் கூட்டச் சொன்னேன். பிளஸ் ஒய்யும் மைனஸ் ஒய்யும் போயின. இரண்டு எக்ஸ், அறுபத்திரண்டு. எக்ஸ், முப்பத்தொன்று.

"இதுவரைக்கும் பாத்துகீறேன்" என்றார் அத்தை. குரல் சன்னமாக இருந்தது.

"இப்ப அந்த முப்பத்தொண்ணை மேல் வரியில எக்ஸ் இருந்த இடத்துல போடுங்க. கூட்டினா ஐம்பது வரணும். அப்ப ஒய்?"

அவர் விரல்விட்டு எண்ணவில்லை. பென்சிலை எடுத்து மெதுவாக எழுதினார். பத்தொன்பது.

தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"அடிப்பாவி! இதுக்கா இத்தினி வருசம்..." என்று தொடங்கியவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். தலையைத் தூக்கியபோது கண்ணெல்லாம் தண்ணீர். ஸ்டீபன் படிக்கட்டில் பாதி இறங்கி நின்று, "இன்னாம்மா ஆச்சு?" என்றார். "ஒய் பத்தொம்போதுடா" என்றார் அத்தை. அவர் மறுபடி மேலே ஏறிப் போய்விட்டார்.

கழிக்கவே வேண்டாம்

அதற்குப் பிறகு எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று என்று எழுத ஆசைதான். இல்லை. குறி மாற்றுவது அப்போதும் வரவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். கூட்டும்போது அத்தை தப்பு செய்யவே இல்லை. கழிக்கும்போது மட்டும்தான் தடுக்கி விழுகிறார். அப்படியென்றால் கழிப்பானேன்?

"இனிமே கழிக்கவே வேண்டாம் அத்தை. கீழ் வரி முழுசையும் மைனஸ் ஒண்ணால பெருக்கி, புதுசா ஒரு வரி எழுதுங்க. அப்புறம் கூட்டுங்க."

"முழுசையும்?"

"முழுசையும். ஒருத்தரையும் விடாம."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்று என்மேலேயே பாய்ந்தார். மூன்று மாறிக்கு வந்தோம். மூன்று வரியில் ஒன்றை நீக்கி இரண்டாக்கி, இரண்டில் ஒன்றை நீக்கி ஒன்றாக்குவது. பக்கம் பக்கமாகப் போகும். பத்துக்கு ஐந்து சரியாக வந்தது. நான் கெஞ்சினேன். பரீட்சையில் முதலில் கிராஃப், பிறகு வட்டம், பிறகு ஒரு மார்க், நேரம் மிச்சமிருந்தால் மட்டும் அந்தக் கணக்கு என்று கெஞ்சினேன். ஸ்டீபனையும் கெஞ்ச வைத்தேன். பரீட்சைக்கு முதல் நாள் நெற்றியில் சிலுவை போட்டபோதும் அதையே சொன்னேன். "ஆவட்டும்" என்றார்.

நடைபாதையில்

ஆகட்டும் என்றவர்தான் அந்த வெயிலில் என் எதிரே நின்று, கேள்வித்தாளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இத்தக் கேளு. அப்பா, அம்மா, புள்ள. மூணு பேர் வயசும் கூட்டுனா தொண்ணூத்திரெண்டு. அம்மாவ வுட அப்பா நாலு வயசு பெரியவரு. அஞ்சு வருசத்துக்கு முந்தி அப்பா வயசு புள்ள வயசப்போல நாலு பங்கு. மொத தபா போட்டேன். புள்ளைக்கு வயசு மைனஸ்ல வந்துச்சி."

"மைனஸ்லயா?"

"மைனஸ் அறுவத்தாறு பை ஏழு. பெஞ்சு ஒடையும், புள்ள எப்டி ஒடையும்? எங்கியோ குறி மாத்தலன்னு தெரிஞ்சிபோச்சி. மொத்தமும் அட்ச்சிட்டு, நீ சொன்ன மாரியே மைனஸ் ஒண்ணால பெருக்கி திரும்ப போட்டேன். அப்பனுக்கு நாப்பத்தொண்ணு, ஆத்தாளுக்கு முப்பத்தேழு, புள்ளைக்கு பதினாலு. அத்தோட வுட்டனா? கூட்டிப் பாத்தேன், தொண்ணூத்திரெண்டு. அஞ்சு வருசம் முந்தி அப்பனுக்கு முப்பத்தாறு, புள்ளைக்கு ஒம்போது. நாலொம்போது முப்பத்தாறு. சரியா குந்துச்சி."

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சரிதான். தவறு எங்கே என்று தானே கண்டுபிடித்து, தானே திருத்தி, தானே சரிபார்த்திருக்கிறார். எட்டாம் வகுப்பில் நான் வருடக்கணக்காகக் கரடியாகக் கத்தியும் ஒரு பிள்ளை செய்யாத காரியம். கட்டிக்கொள்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"பாஸ் ஆகலைன்னா?"

"ஆவலன்னா திரும்ப எழுதறேன். எய்ந்திரு, கல்லு சுடும்."

ரிசல்ட் வருகிறவரை நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் வெறும் வட்டத்துக்கு எத்தனை மார்க் போடுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அத்தை குறட்டை விட்டுத் தூங்கினார்.

முப்பத்தெட்டு. பாஸ். என் கையிலிருந்த போனை ஸ்டீபன் பிடுங்கிப் பார்த்துச் சொன்னார். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பதவி உயர்வுக்கான உத்தரவு வர அதற்கப்புறம் வெகுகாலம் ஆயிற்று. அதற்காக நடந்த நடையை எழுதினால் இன்னொரு தொடர் வேண்டும். வந்தது. இப்போது தெருவில் அவரை டீச்சர் என்று கூப்பிடாமல் ஒரு பிள்ளையும் தாண்டிப் போக முடியாது.

முகத்துவாரக்குப்பத்தில் ஒரு மத்தியானம்

ரிசல்ட் வந்த வாரம், "எங்க அண்ணனப் பாக்கணும், கூட வா" என்றார்.

அண்ணன் சவரிமுத்து முகத்துவாரக்குப்பத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியில் ஒரு பாதம் வீங்கிப்போனதிலிருந்து வீட்டோடு சரி. நாங்கள் போனபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆற்றுக் காற்றில் சேறும் கருவாடும் கலந்து மணத்தது.

அத்தை இனிப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினார். "ண்ணா, நான் பத்தாவது பாஸ் பண்ணிட்டேன்."

"பத்தாவதா? இப்ப இன்னாத்துக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப் போனேன். அத்தை என் முழங்கையைத் தொட்டார்.

"சும்மாதான். வுட்ட எடத்துல இருந்து படிச்சேன். நீ வந்து கூப்ட்டியே, அன்னிக்கி நடந்துகினு இருந்த கணக்கு."

அண்ணன் இனிப்பை எடுக்கவில்லை. வீங்கிய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பைய வுட்டுட்டு ஓடியாந்துட்ட" என்றார் கடைசியில். "மறுநா நான்தான் போயி வாங்கியாந்தேன். அந்த டீச்சரம்மா என்கிட்ட சொல்ச்சி. ‘நல்லா படிக்கிற பொண்ணு, அப்பாவுக்கு கொஞ்சம் சரியானதும் அனுப்புப்பா, நான் தனியா சொல்லித் தரேன்’னு சொல்ச்சி. நான் ஒன்னாண்ட சொல்லல பிலோமி. சொன்னா நீ போயிடுவ. சின்னதுங்கள யாரு பாக்கறது? அதான் சொல்லல."

நான் அத்தையைப் பார்த்தேன். இந்த மனிதர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்று எனக்குள் கொதித்தது. அத்தையின் முகம் மாறவே இல்லை.

"தெரியும்ணா."

"இன்னா தெரியும்?"

"கொஞ்ச நாள் கயிச்சி மார்க்கெட்ல டீச்சரப் பாத்தேன். ‘அண்ணன் சொல்லலியா?’ன்னு கேட்டாங்க. ‘சொன்னாரு டீச்சர், நான்தான் வரல’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சவரிமுத்து தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தார். இத்தனை கிறிஸ்துமஸ்களுக்கு அத்தை இங்கே வந்து போயிருக்கிறார், ஒருமுறைகூட இதைக் கேட்டதில்லை.

"கேக்கக் கூடாதா பிலோமி?"

"கேட்டு? ஒனக்கு அப்ப பதினெட்டு வயசு. அப்பா காலு போச்சி. நீயும் வேலைக்கி ஓடுன. ஒனக்கு மட்டும் இன்னா தெரியும்?"

அத்தை ஒரு மைசூர்பாகை எடுத்து இரண்டாகப் பிட்டார். பெரிய துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு சின்னதை அண்ணன் கையில் வைத்தார்.

"சக்கர கீது ஒனக்கு. இவ்ளோதான் துண்ணணும்."